மாசியில் வரும் மன்மதன்

நுவரெலியாவில் வசந்த காலம் ஏப்ரலில் என்பது கொழும்புக் கணக்கு. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நகரில் தோரணம் கட்டுவார்கள்; விக்டோரியா பூங்காவில் மலர்க் கண்காட்சி, பந்தயத் திடலில் குதிரைகள், கிரகரி வாவியைச் சுற்றி வாகன நெரிசல், ஏகத்துக்கு ஏறிய அறை வாடகை. வருகிறவர்கள் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் வசந்தம் அதற்கு முன்பே வந்து, கல்யாணம் முடித்து, எரிந்து, மறுபடி எழுந்தும் விடுகிறது. வருகிறவன் மன்மதன். அவனைக் கூட்டி வருவது காமன் கூத்து.

மாசி மாதம் மலைக்கு விசித்திரமான காலம். வடகீழ்ப் பருவ மழை ஓய்ந்திருக்கும். பகலில் வறண்ட வெயில், இரவில் எலும்பைத் தொடும் குளிர். நுவரெலியாப் பக்கம் சில விடியல்களில் புல்லெல்லாம் உறைபனி. ஹட்டன், டிக்கோயா, பொகவந்தலாவை, தலவாக்கலை என்று மேற்குச் சரிவெங்கும் கொழுந்து மெல்லத்தான் துளிர்க்கும். அப்படி மெல்லத் துளிர்ப்பதால்தான் அதற்கு வாசம் கூடுகிறது; ஜனவரி முதல் மார்ச் வரை இந்தச் சரிவில் பறிக்கும் தேயிலைக்குத் தேயிலை வியாபாரிகள் காத்திருப்பார்கள். பறிக்கிறவளுக்கோ அது கொழுந்து கிடைக்காத காலம். மலையெல்லாம் ஏறி இறங்கியும் கிலோ சேராது. அரைப்பேரோடு, அதாவது அரை நாள் சம்பளத்தோடு, வீடு திரும்புகிற நாட்கள் அதிகம். இலையில் மணம் கூடக் கூடக் கையில் பணம் குறைகிற அந்த மாதத்தில்தான் வீட்டுக்கு வீடு காசு சேர்த்து இவர்கள் மன்மதனுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிறார்கள்.

அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றுவார்கள். அதற்கென்றே தோட்டத்தில் ஓர் இடம் உண்டு: காமன் பொட்டல். மற்ற நாட்களில் அங்கே பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள், ஆடு மேயும். கரும்பு, ஆமணக்கு, வைக்கோற்புரி என்று சேர்த்துக் கட்டிய கம்பம் நட்டதும் அந்த இடத்தின் குணமே மாறிவிடும்; செருப்போடு யாரும் குறுக்கே நடப்பதில்லை. கம்பத்தில் என்னென்ன சேர வேண்டும் என்பது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். அவரவர் பாட்டன் திருச்சியிலிருந்து வந்தாரா, புதுக்கோட்டையிலிருந்தா, சேலத்திலிருந்தா என்பதைப் பொறுத்தது அது. 1820களில் தொடங்கிய கோப்பிக் காலத்திலும், 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்ட பிறகும் கடல் தாண்டி வந்தவர்கள், மூட்டையில் சட்டி பானைக்கு மேல் அதிகம் கொண்டுவந்திருக்க முடியாது. கூத்தைத் தலைக்குள் வைத்துக் கொண்டுவந்தார்கள்.

காமனுக்கு விழா எடுப்பது தமிழில் பழைய சங்கதி. கலித்தொகை காமவேள் விழாவைப் பேசுகிறது. தை மாதத்தில் தரை விளக்கிக் கோலமிட்டுக் காமனைத் தொழுதவள் ஆண்டாள். தஞ்சைப் பக்கம் அதுவே லாவணியாக வளர்ந்து, காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று ஒரு கட்சியும் பாட்டில் மல்லுக்கட்டுகிற அறிவுப் போட்டியானது. மலையகத்தில் அது கூத்தாகவே நின்றுவிட்டது, என் ரசனைக்கு நல்லவேளையாக. எரிந்தானா இல்லையா என்று இங்கே யாரும் வாதாடுவதில்லை. எரிவதைப் பார்க்கிறார்கள், அழுகிறார்கள்.

முதலில் காதைக் கொடுக்க வேண்டியது தப்புக்கு. பொட்டலின் ஓரத்தில் சருகைக் கூட்டித் தீ மூட்டி, வட்டத் தப்புகளின் தோல் முகத்தைக் காட்டிக் காய்ச்சுவார்கள். விரலால் தட்டிப் பார்ப்பது, மறுபடி தீயில் காட்டுவது, இன்னொருமுறை தட்டுவது. குளிரில் தோல் சீக்கிரம் தொய்ந்துபோகும் என்பதால் இரவு முழுக்க இந்தச் சிகிச்சை நடக்கும். ஒரு கையில் தடித்த குச்சி, மறு கையில் மெல்லிய நீளக் குச்சி. தடித்தது நடையைச் சொல்லும்; மெல்லியது அந்த நடைக்குள் புகுந்து சிணுங்கும். ரதி வருகிற அடி வேறு, வீரபத்திரன் வருகிற அடி வேறு. பழகிய காதுக்கு வேடத்தைப் பார்க்கவே வேண்டாம்; பாதை வளைவுக்கு அப்பால் இருந்தே யார் வருகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

முன்பெல்லாம் விடியலில் ஆட்களைப் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, எழுப்பியதும் இதே தப்புதான். மடகொம்பரையில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதி, சக்தீ பால ஐயா தமிழாக்கிய 'தேயிலைத் தோட்டத்திலே' கவிதையில் தோட்டம் விடிவதே தப்போசையில்தான். வருடம் முழுக்க வேலைக்கு விரட்டிய வாத்தியத்தை வருடத்தில் சில இரவுகள் தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அடிக்கிறார்கள். அந்தக் கைகளில் ஏறுகிற வேகத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தப்படிக்கிறவனைச் சாதி சொல்லி ஒதுக்கிய வெட்கக்கேடும் இதே லயங்களில் நடந்ததுதான். அதனால் குச்சியைத் தொடமாட்டேன் என்று விலகிப் போன பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். திரும்பி வந்து எடுத்திருக்கிற இளைஞர்களைக் கண்டால் எழுந்து நிற்கத் தோன்றுகிறது.

ரதியைச் சோடிக்கிற லயக் காம்பராவுக்குள் எட்டிப் பார்க்க வாய்த்தால் விடாதீர்கள். ரதி வேடம் ஆணுக்குத்தான். காப்புக் கட்டி, விரதமிருந்து, கவிச்சி தொடாமல் இருக்கும் பையன் பலகைக் கட்டிலில் உட்கார்ந்திருப்பான். மீசை போயிருக்கும். சுற்றி அக்காமார், மாமிமார், சித்திமார் என்று ஒரு பட்டாளம். கூறைச் சேலை ஒருத்தியுடையது, அட்டியல் இன்னொருத்தியுடையது, சவுரி முடி அடுத்த லயத்திலிருந்து வந்தது. கொசுவம் வைக்கிறவள் வாயில் ஊசியைக் கடித்தபடியே, "நிமிந்து நில்லுடா, பொம்பளப்புள்ள இப்பிடியா நிக்கும்?" என்று அதட்டுவாள். கடைசியில் பொட்டு வைத்து, கண்ணாடியைக் காட்டி, கதவைத் திறந்து வெளியே விட்டதும் அதே அம்மா அவன் காலில் விழுந்து கும்பிடுவாள். அதட்டலுக்கும் கும்பிடுக்கும் நடுவே அவள் முகத்தில் எந்தத் தடுமாற்றமும் இருக்காது. 'டேய்' போய் 'தாயி' வந்துவிடும். காப்பு அவிழ்த்த பிறகு மறுபடி 'டேய்'.

அதன் பிறகு ஊர்வலம். ரதியும் மதனும் லயம் லயமாக வருவார்கள். கையில் கரும்பு வில், கிளி, பூ. ஒவ்வொரு வாசலிலும் சாணம் மெழுகிக் கோலம். நிறைகுடம், விளக்கு, தட்டில் வெற்றிலை பாக்கு. கால் கழுவி, ஆலாத்தி எடுத்து, தட்டில் காசு போடுவார்கள். கொழும்பில் கடைக்கும் வீட்டு வேலைக்கும் போன பிள்ளைகள் தீபாவளிக்கு அடுத்து வீடு வருவது இதற்குத்தான். இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை என்பதால் கடைசி இரவுக்கு ஊர் நிறைந்துவிடும். சண்டை போட்டுப் பேச்சை விட்ட பங்காளிகள் கூடக் கல்யாண வீட்டுச் சாக்கில் ஒரே வாசலில் நின்று தேத்தண்ணி குடிப்பார்கள். தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்கிலிருந்து கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்குக்கு இறங்கி வருகிற இந்த நடைதான் கூத்தின் பாதி. காமன் கூத்தை மேடையில் ஏற்றி ஒன்றரை மணி நேரமாகச் சுருக்கிக் காட்டினால் அது நாடகமாகலாம், நல்ல நாடகமாகக்கூட இருக்கலாம். மன்மதன் வீட்டு வாசலுக்கு வராத காமன் கூத்து எனக்குச் சப்பென்றுதான் இருக்கும்.

எல்லாரும் படம் பிடிப்பது எரியூட்டும் காட்சியை. நான் காத்திருப்பது அதற்கு முந்திய தர்க்கத்துக்கு. தக்கன் யாகம் அழிந்து, சிவன் கண்மூடித் தவத்தில் இருக்கிறார். தேவர்களுக்குத் துன்பம். தவத்தைக் கலைக்க ஆள் வேண்டும். இந்திரனிடமிருந்து தூதன் ஓலை கொண்டு வருகிறான். மதன் புறப்படுகிறான், ரதி வழியை மறிக்கிறாள். கெட்ட கனவு கண்டேன் என்கிறாள். சிவனோடு உனக்கு என்ன வம்பு என்கிறாள். தாலி கட்டிய ஈரம் காயவில்லையே என்கிறாள். அவன் வீரம் பேசுகிறான்: நான் திருமாலின் மகன், என் கணைக்குத் தப்பியவர் உண்டா? அவள் பாட்டு தாழ்ந்த சுரத்தில் ஊர்ந்து வரும். அவன் பாட்டு மேலே மேலே ஏறும். நல்ல மாஸ்டர் பழக்கிய ஜோடியாக இருந்தால் ஒருவர் அடி முடிகிற இடத்தில் மூச்சு விடாமல் மற்றவர் பிடிப்பார். நடுவில் தப்பு மெல்லிய குச்சியால் மட்டும் தடவிக்கொண்டிருக்கும். அரை மணி நேரம், ஒரு மணி நேரம்கூட இது நீளும். யாருக்கும் அலுப்பதில்லை. கம்பளிக்குள் சுருண்டிருக்கும் கிழவி, "விடாத தாயி, முந்தானைய புடிச்சுக் கட்டு அவன" என்று கத்துவாள். முடிவு என்ன என்று அவளுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறாள். தெரிந்தும் கத்துவதுதான் ரசனை.

இந்த இடம் ஏன் மலையகத்தில் இப்படி இறங்கிப் பேசுகிறது? ஒரு காகிதம் வந்தது, ஆள் கிளம்பியாக வேண்டும், வீட்டுக்காரி தடுத்தும் நடக்கவில்லை என்பது இவர்களுக்குப் புராணமாக மட்டும் தெரிந்த கதை இல்லை. கங்காணியின் சொல்லை நம்பி ஊரை விட்டவர்கள் இவர்களின் பாட்டனும் பூட்டனும். கடனை எழுதிக் கையில் கொடுத்த 'துண்டு'தான் எந்தத் தோட்டத்துக்குப் போகலாம் என்று தீர்மானித்தது. அதை 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். 1964 சிறிமா-சாஸ்திரி குடியுரிமை ஒப்பந்தத்துக்குப் பிறகு ஒரே வீட்டில் ஒருவருக்கு இந்தியா, ஒருவருக்கு இலங்கை என்று காகிதம் வந்த கதைகள் இன்னும் ஓயவில்லை. இதையெல்லாம் நினைத்துத்தான் கூத்தாடுகிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கூத்தாடுகிறவனுக்கு அடுத்த அடி ஞாபகம் வந்தால் போதும். ஆனால் ஓலை என்ற சொல் பாட்டில் விழும்போது பெரியவர்கள் இருக்கும் பக்கம் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

சோகத்துக்கு முன்னால் சிரிக்க வைக்கிறவர்களும் உண்டு. குறவனும் குறத்தியும் வந்து தோட்டத்து வம்பெல்லாம் பேசுவார்கள். துரை, கணக்கப்பிள்ளை, தொழிற்சங்கத் தலைவர் எவருக்கும் விலக்கில்லை. பெயர் சொல்லாமல் பெயர் சொல்கிற அந்தச் சாமர்த்தியத்தை வெளியூர்க்காரனால் பாதிதான் ரசிக்க முடியும். எமன் கயிற்றை வீசிப் பிள்ளைகளைத் துரத்துவான். வீரபத்திரன் வரும்போது விளையாட்டு நின்றுவிடும். இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு நாலைந்து பேர் இழுபட்டு வருவார்கள். தாய்மார் குழந்தைகளை மடியில் பொத்திக்கொள்வார்கள்.

தகனம் நொடியில் முடிந்துவிடும். உயரத்தில் கட்டிய குடிலில் சிவன். கீழே மதன் வில்லை வளைப்பான். நெற்றிக்கண் திறந்ததும் தீ பாயும், கம்பம் பற்றும். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் இந்தக் காட்சிக்கு யாரும் திட்டமிடாத ஒரு பின்னணி அமையும். சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் அது. உச்சிவரை படிக்கட்டு விளக்குகள் இருட்டில் ஒரு கோடாக எரிந்துகொண்டிருக்கும். பொட்டலில் தோட்டத்துச் சிவன், அவர் தலைக்கு மேலே அந்த மலை.

பிறகு ரதியின் புலம்பல். காளிதாசன் குமாரசம்பவத்தில் ஒரு சருக்கம் முழுவதையும் இதற்குத்தான் ஒதுக்கினான். இங்கே அதைக் காவியமாக யாரும் பாடுவதில்லை, ஒப்பாரியாக வைக்கிறார்கள். தலைவிரிந்த ரதி ஓரடி பாடி நிறுத்தினால், அடுத்த அடியைச் சுற்றி இருக்கும் பெண்கள் முணுமுணுப்பாக எடுப்பார்கள். அந்த வருடம் தாலி இழந்தவள் கூட்டத்தில் இருந்தால் அவளுடைய குரல் தனியாகக் கேட்கும். வேடம் கட்டிய பையன் அப்போது என்ன செய்கிறான் என்பதில்தான் அவன் கலைஞனா இல்லையா என்று தெரியும். தேர்ந்தவன் தன் பாட்டை நிறுத்திக்கொண்டு அவளை அழவிடுவான்.

இப்போது ஒலிபெருக்கி வந்திருக்கிறது, வண்ண விளக்கு வந்திருக்கிறது. விளக்கில் எனக்கு வழக்கில்லை. மினுமினுக்கும் நைலோன் ஜரிகையைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். கழுத்தில் ஒலிவாங்கியைக் கட்டிக்கொண்டு ரதி பாடுவதைத்தான் தாங்க முடியவில்லை. தழுதழுப்பு எல்லாம் கரகரப்பாகிவிடுகிறது. தப்பின் மெல்லிய குச்சி செத்தே போகிறது. பார்க்கப் போகிறவர்கள் பெரிய பெட்டிகளை விட்டு விலகி, தோல் காய்ச்சும் தீக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள். சட்டி வைத்து இஞ்சித் தேத்தண்ணி காய்ச்சுவதும் அங்கேதான்.

தகனத்துக்குப் பின் மூன்றாம் நாள் மதன் உயிர்த்தெழுவான், ரதியின் கண்ணுக்கு மட்டும். ஆனால் அன்றைக்குப் பொட்டலில் அதிகம் பேசப்படுவது அவனைப் பற்றி இல்லை. கணக்குக் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு வரவு செலவு வாசிப்பார்கள். வாடகைப் பெட்டிக்கு இவ்வளவு காசா என்று ஒருவர் எழும்புவார். எமன் குடித்துவிட்டு வந்தான் என்று ஒரு புகார். அடுத்த வருடத்துக்கு ரதி யார் என்ற பேச்சு வந்ததும் சத்தம் கூடிவிடும். கீழ்க்கணக்குப் பையனுக்குக் குரல் இருக்கிறது, மேல்கணக்குப் பையனுக்கு நடை இருக்கிறது, இரண்டும் இருந்தவன் கொழும்புக்குப் போய் மீசையை எடுக்க மாட்டேன் என்கிறான்.