பகுப்பாக்கமும் வர்க்க நோக்கும்

தமிழிலே 'வர்க்கம்' என்னுஞ் சொல் சமுதாயப் பிரிவையும் பொருள்களின் இனத்தையும் ஒருங்கே குறிக்கும். இவ்விரு பொருளுக்குமிடையேயுள்ள உறவை ஆராய்வதே எமது நோக்கமாகும். நிறுவனங்கள் தம் அறிவைத் தொகுத்துப் பேணுதற்கென வகுக்கும் பகுப்புத் திட்டங்கள் நடுநிலையான தொழில்நுட்பக் கருவிகளே என்ற கருத்துப் பரவலாக நிலவுகின்றது. அக்கருத்தை வரலாற்று நோக்கிற் பரிசீலித்தல் அவசியமாகும்.

1876 இல் மெல்வில் டூயி வெளியிட்ட தசமப் பகுப்பு அறிவனைத்தையும் பத்துப் பிரிவுகளுள் அடக்கிற்று. அதன் சமயப் பிரிவில் 220 முதல் 280 வரையான எண்கள் கிறித்துவத்துக்கு ஒதுக்கப்பட, ஏனைய சமயங்கள் யாவும் 290 இனுள் நெருக்கப்பட்டன. இலக்கியப் பிரிவில் ஐரோப்பிய மொழிகள் பல தனித்தனி இடம்பெற, ஈராயிரம் ஆண்டு இலக்கியப் பாரம்பரியமுடைய தமிழ், ஏனைய மொழிகளுக்குரிய 890 இன்கீழ் 894.811 ஆயிற்று. எவரது அறிவு மையம், எவரது அறிவு எச்சம் என்பதை எண்களே உணர்த்தி நின்றன.

தொழிற்சாலையை நோக்குமிடத்து இவ்வுண்மை மேலும் தெளிவாகும். 1911 இல் வெளிவந்த 'விஞ்ஞானபூர்வ முகாமையின் கோட்பாடுகள்' என்ற நூலிலே பிரெட்ரிக் ரெயிலர், தொழிலாளரிடமிருந்த மரபறிவைத் திரட்டி, வகைப்படுத்தி, அட்டவணையாக்கி, விதிகளாக்குதலை முகாமையாளரின் கடமையாக விதித்தார். வகைப்படுத்தல் ஈண்டு உடைமை மாற்றமாகவே அமைகின்றது. சிந்தனையும் செயலும் இவ்வாறு பிரிக்கப்படுவதன் சமூக விளைவுகளை ஹரி பிறேவர்மன் 1974 இல் விரிவாக ஆராய்ந்தார். இன்றைய அறிவு முகாமைத்துவம் இதன் தொடர்ச்சியே எனலாம். இயந்திரத்திற் சிக்கித் தொழிலாளியொருவரின் கை சிதைவதாகக் கொள்வோம். அந்நிகழ்ச்சி 'ஊழியர் கவனயீனம்' என்ற தலைப்பிற் கோவைப்படுத்தப்படுமா, 'பாதுகாப்பற்ற இயந்திரம்' என்ற தலைப்பிலா? தலைப்பு முடிவானதும், பின்னர் அக்கோவையைத் தேடுபவர் காணப்போகும் காரணமும் பெரும்பாலும் முடிவாகிவிடுகின்றது.

சீர்காழியிற் பிறந்து, 1924 முதல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பணியாற்றிய எஸ். ஆர். ரங்கநாதனின் பங்களிப்பு இவ்விடத்தில் மனங்கொளத்தக்கது. 1933 இல் வெளிவந்த அவரது கோலன் பகுப்பு, பொருளொன்றை ஒரே கிளையிற் கட்டிவைக்காது பல முகங்களாகப் பகுத்துத் தேவைக்கேற்ப இணைக்க வழிசெய்தது. நூலகம் வளரும் உயிரி என்பது 1931 இல் அவர் வகுத்த ஐந்தாவது விதியாகும். மேற்குறித்த விபத்தை ஆள், இயந்திரம், செய்கை, இடம், காலம் என்னும் முகங்கள் அனைத்திலும் பதியுமாயின், பழியை ஒருவர்மேற் சுமத்துதல் எளிதன்று. எனினும் முகங்களுக்குப் பெயரிடும் அதிகாரம் யாருடையது என்ற வினாவுக்கு அவரது கோட்பாடு விடையளிப்பதில்லை. அதன் முற்போக்குத் தன்மையும் வரையறையும் இதுவேயாம்.

ஆகவே, பகுப்புத் திட்டமொன்றை வகுப்போர் வேலைத்தளத்தில் வழங்கும் சொற்களையும் ஏற்புடைய தலைப்புகளாகக் கொள்ளல் வேண்டும். நீக்கப்படும் தலைப்புகளும் நீக்கத்துக்கான காரணமும் பதிவு செய்யப்படல் வேண்டும். உற்பத்தி முறை மாறுந்தோறும் திட்டத்தைத் திருத்தும் குழுவிலே தொழிலாளர் பிரதிநிதிகள் இடம்பெறல் வேண்டும். இவை நிறைவேறாதவரை, எத்துணை நுட்பமான பகுப்பும் உழைத்தோரின் அறிவை அவர்க்கே அந்நியமாக்கும் பட்டியலாகவே எஞ்சும்.