கல்லின் சாட்சியம்: இரு பயண நூல்கள்

பூமியில் சுற்றிவந்து முன்சென்ற சமுதாயங்களின் முடிவைக் காணுமாறு திருமறை பல இடங்களில் பணிக்கிறது. காண்பவர் யார் சார்பில் நின்று காண்கிறார் என்பதே பயண நூல்களை மதிப்பிட நமக்கு உரைகல்.

1799இல் திப்பு சுல்தான் ஷஹீதான மறு ஆண்டு, கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் ஆணைப்படி மதராஸிலிருந்து புறப்பட்டவர் மருத்துவர் பிரான்சிஸ் புகானன். மைசூர், கன்னடம், மலபார் பயணம் பற்றிய அவருடைய நூல் 1807இல் லண்டனில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. பயிர், நெசவு, குலவழக்கம், தொல்பொருள் யாவற்றையும் நாள்தோறும் குறித்திருக்கிறார். பொள்ளாச்சியில் ஒரு பானையில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளை எடை பார்த்து, அவை அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தவை என்று பதிவு செய்தது தமிழகத் தொல்லியலுக்குக் கிடைத்த பேறு. எனினும், தம்மை அனுப்பிய ஆட்சியின் தேவையே அவருடைய கேள்விகளை வகுத்தது. ஆகவே காசுகளைப் பற்றிய குறிப்பை ஏற்கும் நாம், திப்புவைப் பற்றிய தீர்ப்புகளை வென்றவர் தரப்பு வாக்குமூலமாகவே கொள்ள வேண்டும்.

இவருக்கு அறுநூறு ஆண்டுகள் முற்பட்டவர் அப்துல் லத்தீஃப் அல்-பக்தாதி (1162–1231). எகிப்தைப் பற்றிய அவருடைய ‘அல்-இஃபாதா வல் இஃதிபார்’ நூலிலும் கூர்மையான பார்வை உண்டு. பஞ்சத்தில் மாண்டோரின் எலும்புகளை நேரில் ஆராய்ந்து, கீழ்த்தாடை ஒரே எலும்பு என்று கண்டு, ஜாலீனூஸின் கூற்றை மறுத்தார். அதனினும் உயர்ந்தது அவருடைய நேர்மை. ஸலாஹுத்தீன் அய்யூபியின் மகன் அல்-மலிக் அல்-அஸீஸ் 1196 அளவில் சிறிய பிரமிடை இடிக்க முற்பட்டு, சுமார் எட்டு மாத உழைப்பை வீணாக்கினார். அதற்குத் தூண்டியோரின் அறியாமையை பக்தாதி மறைக்கவில்லை. புதையலுக்காகப் பழஞ்சின்னங்களைச் சிதைத்தோரையும் அவர் கண்டித்தார். ஃபிர்அவ்னின் நாட்டுக் கற்களாயிற்றே என்று அவர் வாளாவிருக்கவில்லை.

நாம் வாழும் தருமபுரிச் சீமையில் ஆநிரை மீட்டு மாண்ட வீரர்களின் நடுகற்கள் பல உள்ளன. சிலவற்றை மக்கள் வேடியப்பன் என வழிபடுகின்றனர். வழிபாடு நமக்குரியதன்று, ஆயினும் வரலாற்றின் சாட்சியம் நமக்கும் உரியது. கல்லுடைப்பும் புதையல் வேட்டையும் பழங்கற்களை அழிக்கும்போது, ‘அவை நம்முடையவை அல்ல’ என்று நம்மவர் ஒதுங்குவது பக்தாதியின் வழியன்று. அவருடைய நூலைப் பாராட்டிப் பேசும் நாம், நம் ஊர்ப் பள்ளிவாசல் புதுப்பிக்கப்படும்போது பழைய மீஸான் கற்களின் எழுத்துகளையேனும் படியெடுத்து வைத்தோமா? இவ்வினாவிற்கு விடை கூறிய பிறகே புகானனைக் குறைகூறும் உரிமை நமக்கு உண்டாகும்.