சாட்சியமும் காட்டிக்கொடுத்தலும்: 'ஆன் தி வாட்டர்ஃபிரண்ட்' திரைப்படம் குறித்த மறுமதிப்பீடு

முன்னுரை

1955ஆம் ஆண்டு ஆஸ்கர் விழாவில் சிறந்த திரைப்படம், இயக்கம், நடிப்பு உள்ளிட்ட எட்டு விருதுகளை வென்ற 'ஆன் தி வாட்டர்ஃபிரண்ட்' (1954), அதன் இயக்குநர் எலியா கசானின் வாழ்க்கையோடு இணைத்தே பெரிதும் வாசிக்கப்பட்டு வந்துள்ளது. 1952 ஏப்ரலில், அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையின் விசாரணைக் குழு முன்னிலையில், முன்னாளில் தம்முடன் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்த 'குரூப் தியேட்டர்' நாடகக் குழுவினர் எண்மரின் பெயர்களைக் கசான் வெளியிட்டார். 1999இல் அவருக்குச் சிறப்பு ஆஸ்கர் வழங்கப்பட்டபோது அரங்கில் சிலர் எழுந்து நின்று கைதட்டினர். சிலர் கைதட்டாமல் அமர்ந்திருந்தனர். படைப்பாளியின் வாழ்க்கையைக் கொண்டு படைப்பை விளக்கும் முறை இப்படத்தைப் பொறுத்தவரை எதுவரை செல்லும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வாழ்க்கைவழி வாசிப்பின் அடிப்படை

துறைமுகத் தொழிலாளியான டெர்ரி மல்லாய், சங்கத்தைக் கைப்பற்றியிருக்கும் ஜானி ஃபிரெண்ட்லியின் கொலைக் கும்பலுக்கு எதிராக விசாரணை ஆணையத்தில் சாட்சியம் அளிக்கிறான். சாட்சியம் அளித்ததால் உடன்பணியாளர்களால் ஒதுக்கப்படுகிறான். இறுதியில், தான் செய்தது சரியே என்று அவன் முழங்கும்போது ஒலிப்பது தம் குரலே என்று கசான் தம் தன்வரலாற்றில் (1988) ஒப்புக்கொண்டுள்ளார். திரைக்கதை ஆசிரியர் பட் ஷுல்பெர்க்கும், ஃபிரெண்ட்லியாக நடித்த லீ ஜே. காப்பும் அதே குழுவின் முன் பெயர்களைச் சொன்னவர்களே. ஆகவே இவ்வாசிப்பு ஆதாரமற்றதன்று.

ஒப்புமை முறியும் இடம்

எனினும், திரையில் உள்ள சாட்சியமும் வரலாற்றில் நிகழ்ந்த சாட்சியமும் ஒன்றல்ல. படத்தில் மௌனம் உயிர்களைப் பலிகொள்கிறது. ஜோயி டாய்ல் கூரையிலிருந்து தள்ளப்படுகிறான். பேசத் துணிந்த டூகன் சரக்கு விழுந்து மடிகிறான். டெர்ரியின் அண்ணன் சார்லியும் கொல்லப்படுகிறான். இம்மூன்று மரணங்களுக்குப் பின் பேசுவதைத் தவிர வேறு அறம் பார்வையாளனுக்குத் தோன்றாது. டெர்ரி சுட்டிக்காட்டுவது அதிகாரத்தில் இருப்பவரை. அவரிடமிருந்து அவனுக்கு உயிராபத்தும் உண்டு. கசான் பெயர் சொன்னவர்களோ எவரையும் கொன்றவர்கள் அல்லர். அவர்களுடைய தொழில் வாழ்வே ஆபத்துக்குள்ளானது. தமிழில் 'சாட்சி சொல்லுதல்', 'காட்டிக்கொடுத்தல்' என்னும் இரு தொடர்களும் வெவ்வேறு அற மதிப்புடையவை. படம் முதலாவதன் பெருமையைக் கொண்டு இரண்டாவதன் இழிவை மறைக்க உதவுகிறது என்னும் குற்றச்சாட்டு இவ்வளவில் நியாயமானதே.

ஒரே வரலாறு, இரு முடிவுகள்

ஆனால், இக்குற்றச்சாட்டு படத்தை முழுமையாக விளக்கிவிடவில்லை. அதன் மூலம் 1952க்கு முந்தையது: மால்கம் ஜான்சன் 1948இல் 'நியூயார்க் சன்' நாளிதழில் எழுதி, அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்ற துறைமுகக் குற்றங்கள் பற்றிய தொடர் அது. மேலும், ஷுல்பெர்க் 1955இல் இதே கதையை 'வாட்டர்ஃபிரண்ட்' என்னும் நாவலாக வெளியிட்டார். அதில் டெர்ரி கொல்லப்படுகிறான். திரைப்படத்தின் வெற்றி நடை அங்கு இல்லை. பெயர் சொன்ன இருவருள் ஒருவர் இயக்கிய படம் நாயகனின் எழுச்சியோடு முடிய, மற்றவர் எழுதிய நாவல் அவனது சாவோடு முடிகிறது. வாழ்க்கைதான் பனுவலைத் தீர்மானிக்கிறது எனில் இவ்வேறுபாட்டுக்கு விளக்கம் கிடைக்காது.

இறுதிக் காட்சி

மறுமதிப்பீட்டுக்கு உரிய இடம் அந்த இறுதிக் காட்சியே. அடிபட்டுக் குருதி வழியும் டெர்ரி தள்ளாடி நடக்க, அதுவரை வேடிக்கை பார்த்த தொழிலாளர்கள் அவன் பின்னே பணிக்கூடத்துள் செல்கின்றனர். வேலையைத் தொடங்கச் சொல்பவர் முதலாளி. கதவு இறங்கி மூடுகிறது. சங்கத்தை மீட்பது யார், எவ்வாறு என்னும் வினா எழவே இல்லை. விசாரணையைத் தொலைக்காட்சியில் பார்த்து, ஃபிரெண்ட்லியைக் கைகழுவும் மேலிடத்துச் செல்வர் தண்டனைக்கு அப்பாலேயே இருக்கிறார். 1955இல் 'சைட் அண்டு சவுண்ட்' இதழில் லிண்ட்சே ஆண்டர்சன் இம்முடிவை வன்மையாகக் கண்டித்தது கருதத்தக்கது. வரலாறும் இம்முடிவுக்குச் சான்று பகரவில்லை. படம் வெளிவருவதற்கு இரு மாதங்கள் முன்பு, 1954 மே மாதத்தில் நியூயார்க் துறைமுகத் தொழிலாளரிடையே நடந்த தேர்தலில் பழைய சங்கமே சிறு வாக்கு வேறுபாட்டில் வென்றது.

இதற்கு முன்னர், ஆர்தர் மில்லர் துறைமுகத் தொழிலாளரின் கிளர்ச்சியை மையமாக்கி 'தி ஹூக்' என்னும் திரைக்கதையை எழுதியிருந்தார். அதை இயக்கவிருந்தவர் கசான். 1951இல் கொலம்பியா நிறுவனம், ஊழல் தலைவர்களைக் கம்யூனிஸ்டுகளாக மாற்றுமாறு கேட்டபோது மில்லர் விலகினார். அதே நிறுவனமே பின்னர் 'ஆன் தி வாட்டர்ஃபிரண்ட்' படத்தை வெளியிட்டது. கூட்டு எதிர்ப்பின் கதை கைவிடப்பட, தனிமனிதனின் மனச்சான்றுக் கதை திரைக்கு வந்தது. இம்மாற்றத்தில் ஓர் இயக்குநரின் தற்காப்போடு, எதைச் சொல்லலாம் என வரையறுத்த தொழில்துறையின் அச்சமும் பங்கு வகித்தது.

முடிவுரை

கசானை மன்னிப்பதா, தண்டிப்பதா என்னும் வினா இப்படத்தின் குறையைத் தொடாமலே முடிந்துவிடுகிறது. மார்லன் பிராண்டோவின் நடிப்பும் போரிஸ் காஃப்மனின் ஒளிப்பதிவும் டெர்ரியின் தனிமைக்குத் தந்த ஆழம் இன்றும் மங்கவில்லை. அந்த ஆழமே பார்வையாளனை அவனோடு கட்டிப்போட்டு, பின்னால் நிற்கும் தொழிலாளர்களைப் பேசாத கூட்டமாகச் சுருக்குகிறது. இயக்குநர் சொன்ன எட்டுப் பெயர்களை ஆய்வுலகம் நினைவில் வைத்திருப்பது முறையே. அத்துடன் படத்தில் பெயரின்றி நிற்கும் அத்தொழிலாளர்களையும் அது கணக்கில் கொள்ள வேண்டும்.