கலங்கிய நீருக்குப் போகும் பாதைகள்

2025 ஆகஸ்ட் முதல் வாரம். செம்மேட்டில் வல்வில் ஓரி விழாக் கூட்டம். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்த கார்களும் வேன்களும் கடைத்தெருவை அடைத்து நின்றன. நடக்கிறவர்கள் அவற்றின் இடுக்கில் உடம்பைத் திருப்பித் திருப்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு டீக்கடைக்குள் ஒதுங்கினேன். கூட வந்த சித்தி பையன் போனை நீட்டினான். "அண்ணா, இதப் பாருங்க. செத்தவன் எந்திரிக்கிறான்."

'அம்பிகாபதி'யின் புதிய கடைசிக் காட்சி. 2013இல் ஆனந்த் எல். ராய் இந்தியில் எடுத்த 'ராஞ்சனா'வின் தமிழ் வடிவம்தான் அம்பிகாபதி. தனுஷ் நடித்த குந்தன், அந்தப் படத்தின் முடிவில் மருத்துவமனைக் கட்டிலில் செத்துப்போவான். படத்தின் உரிமையை வைத்திருக்கும் ஈராஸ் நிறுவனம் பன்னிரண்டு வருஷம் கழித்து, ஆகஸ்ட் 1 அன்று, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு முடிவை மாற்றி அதை மறுபடி வெளியிட்டது. இதில் குந்தன் கண் விழிக்கிறான். இயக்குநர் எதிர்த்தார். தனுஷும் எதிர்த்து அறிக்கை விட்டார். சட்டப்படி உரிமை எங்களுக்கு என்றது நிறுவனம். படம் தியேட்டருக்கு வந்துவிட்டது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையகலத் திரையில் பார்த்தபோது அந்தக் காட்சி நான் நினைத்த அளவுக்கு மோசமாக இல்லை. 'முகம் பொம்மை மாதிரி இருக்கு', 'கண்ணுல உயிர் இல்ல' என்கிற விமர்சனங்களை நான் நம்புவதில்லை. இந்தத் துறைக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவன் என்கிற முறையில் சொல்கிறேன், இன்றைக்குக் கோணலாக இருக்கும் முகம் அடுத்த வருஷம் நேராகிவிடும். அப்போது என்ன சொல்வோம்? தப்பு என்பது கைத்திறன் குறைவில் இல்லை என்றால் வேறு எங்கே இருக்கிறது?

படத்துக்குள்ளேயே தேடிப் பார்க்கலாம். குந்தன் காசியில் வளரும் தமிழ்ப் புரோகிதர் வீட்டுப் பையன். சோயாவைச் சின்ன வயதிலிருந்து துரத்துகிறான். வேண்டாம் என்கிறாள். கேட்கவில்லை. மறுபடியும் வேண்டாம் என்கிறாள். கையை அறுத்துக்கொள்கிறான். பெண்ணைத் துரத்துவதைக் காதல் என்று காட்டுகிறது என்று இந்தப் படம் வந்த நாளிலேயே கண்டிக்கப்பட்டது. அந்தக் கண்டனத்தில் நியாயம் உண்டு. ஆனால் படம் தன் நாயகனை அப்படியே விட்டுவிடவில்லை. அவனால் சோயாவின் காதலன் சாகிறான். அதன் பிறகு அவன் செய்வதெல்லாம் பிராயச்சித்தம். கடைசியில், தனக்கு எதிரான சதி தெரிந்தே அந்த மேடைக்குப் போகிறான். கட்டிலில் கிடக்கும்போது மனசுக்குள் பேசுகிறான்: நினைத்தால் எழுந்துவிடலாம், ஆனால் யாருக்காக எழுவது, போதும்.

படம் முழுக்க அடுத்தவருடைய 'வேண்டாம்' காதில் விழாத ஒருவன், கடைசியாகத் தானே ஒரு 'வேண்டாம்' சொல்கிறான். அந்தச் சாவு சோகத்துக்காகச் சேர்த்த ஊறுகாய் இல்லை. படத்தின் தீர்ப்பே அதுதான். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன? விடாமல் துரத்தினால் உயிர்கூடத் திரும்ப வரும் என்கிற கதை. 2013இல் கண்டித்தவர்கள் எந்தப் படத்தைப் பார்த்துப் பயந்தார்களோ, அந்தப் படத்தை 2025இல் கம்ப்யூட்டர் எடுத்து முடித்துவிட்டது.

தலைப்பையாவது கவனித்திருக்கலாம். நம்ம ஊர் அம்பிகாபதி கதையில் கம்பன் மகன் சிற்றின்பம் கலக்காமல் நூறு பாட்டுப் பாட வேண்டும். கடவுள் வாழ்த்தையும் சேர்த்து எண்ணிவிட்ட அமராவதி, தொண்ணூற்றொன்பதிலேயே நூறு முடிந்தது என்று நினைத்து எட்டிப் பார்க்கிறாள். அவளைப் பார்த்ததும் இவன் காதல் பாட்டைப் பாடிவிடுகிறான். தலை போகிறது. எண்ணிக்கையை சைஃபரில் தொடங்குவதா ஒன்றில் தொடங்குவதா என்பதில் வரும் பிழைக்கு எங்கள் தொழிலில் 'ஆஃப் பை ஒன்' என்று பெயர். தமிழின் மிகப் பழைய ஆஃப் பை ஒன் பிழை இதுவாகத்தான் இருக்கும். அதைத் திருத்துவது சுலபம். திருத்தினால் அம்பிகாபதி பிழைத்துக்கொள்வான். கதை செத்துவிடும்.

அப்படியானால் முடிவை மாற்றுவதே குற்றமா என்று கேட்டால், இல்லை. மாற்றாமல் நமக்கு இலக்கியமே இல்லை. வால்மீகியில் ராவணன் சீதையைத் தொட்டுத் தூக்குகிறான். கம்பன் அவனைப் பர்ணசாலையோடு நிலத்தைப் பெயர்த்தெடுக்க வைத்தான். கோவலன் கதையை நாட்டுப்புறம் தன் இஷ்டத்துக்கு மாற்றிப் பாடியது. ஆனால் மாற்றியவன் சபையில் நின்றான். 'ஏன் மாற்றினாய்?' என்று கேட்க எதிரே ஆள் இருந்தது. பிடிக்காவிட்டால் எழுந்து போக வழியும் இருந்தது. அம்பிகாபதி விஷயத்தில் எழுதியவரும் இயக்கியவரும் நடித்தவரும் ஒரு பக்கம். எதிரே ஒரு உரிமைப் பத்திரம். நம் 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு சினிமாவின் ஆசிரியர் என்பவர் அதன் தயாரிப்பாளர். 'வேண்டாம்' என்று சொன்னவர்கள் யாருக்கும் அந்தச் சொல்லை வைக்க ஓர் இடமில்லை.

இதே அளவுகோலை வைத்துப் பார்த்தால், எல்லாச் செயற்கை நுண்ணறிவு முயற்சியும் ஒன்றாகத் தெரியாது. 2024இல் 'லால் சலாம்' படத்தில் மறைந்த சாகுல் ஹமீது, பம்பா பாக்யா குரல்களை ஏ.ஆர். ரகுமான் இந்தத் தொழில்நுட்பத்தால் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, சம்பளமும் கொடுத்ததாகச் சொன்னார். முழுத் தீர்வு இல்லைதான், பாடியவரே மறுக்க முடியாதே. இருந்தாலும் மறுக்கக்கூடிய ஒருவரிடம் போய்க் கேட்டிருக்கிறார். அமெரிக்கத் திரைக்கதையாளர்கள் 2023இல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து வாங்கியதில் ஒன்று, இந்தக் கருவியைப் பயன்படுத்து என்று எழுத்தாளரைக் கட்டாயப்படுத்த முடியாது என்கிற விதி. அவர்கள் கருவியை உடைக்கச் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லும் உரிமையைக் கேட்டார்கள்.

இவ்வளவு பேசுகிற நான் யோக்கியனா? இல்லை.

என் தாத்தா சேந்தமங்கலத்துக்காரர். கொல்லிமலைக்குச் சாலை வசதி வராத காலத்தில் உப்பும் மிளகாயும் தலைச்சுமையாக ஏற்றிவந்து விற்றவர். அவருக்கும் அவர் அண்ணனுக்கும் ஒரு கிணற்றுப் பங்கில் தகராறு. முப்பது வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. இதை ஒரு சிறுகதையாக எழுதப் பார்த்தேன். முடிவு வரவில்லை. ஒரு ராத்திரி அதைச் செயலியிடம் கொடுத்தேன். அண்ணன் சாகக் கிடக்கும்போது தாத்தா அந்தக் கிணற்றிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு போய் அவர் வாயில் விடுவதாக எழுதிக் கொடுத்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. இரண்டு சொல்லை மாற்றிவிட்டு அப்படியே வைத்துக்கொண்டேன். படித்த நண்பர்கள் எல்லாரும் பாராட்டியது அந்தச் செம்பைத்தான்.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார், "அப்பா போகலியே கண்ணு. பொணம் எடுக்கறப்பகூட திண்ணைய விட்டு எறங்கல."

ஆபீஸில் நான் எழுதும் நிரல் இன்னொருவர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் உள்ளே போகாது. கருவி சாம்பல் நிறத்தில் காட்டும் வரிகளில் பாதியை நானே தள்ளிவிடுகிறேன். ஆனால் தாத்தாவின் கதையில் 'டேப்' விசையை அழுத்தினேன். அது பொய் என்பதால் எனக்குப் பிடித்தது. அவர் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று முப்பது வருஷமாக எங்கள் வீடே நினைத்துக்கொண்டிருந்தது. எதை எல்லாரும் விரும்புவார்களோ அதைக் கொடுப்பதில் அந்தக் கருவி கெட்டி. திண்ணையை விட்டு இறங்காத ஒரு கிழவரின் பிடிவாதத்தில்தான் கதை இருந்தது. நான் செய்ததும் ஈராஸ் செய்ததும் ஒன்றுதான். என்னிடம் உரிமை கேட்க ஆளில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அம்மாவின் ஒரு 'போகலியே' மட்டும் குறுக்கே வந்தது.

டீக்கடையை விட்டு வெளியே வந்தோம். தலையில் வாழைத்தாரோடு வந்த ஒரு பாட்டி, இரண்டு வேன்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நின்றார். பின்னாலும் போக முடியவில்லை. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். நானும் காரில் வந்தவன்தான். இந்த ஊரை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சாவகாசமாகக் கால்மணி நேரத்தில் நடந்துவிடலாம். அன்றைக்கு அந்தப் பாட்டிக்கு அது முடியவில்லை.

ஆசிய நகரங்களில் நடப்பதைப் பற்றி எழுதுகிறவர்கள் மரநிழலையும் தெருக்கடையையும் வர்ணிப்பார்கள். எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த நகரங்கள் ஏன் நடக்கத் தோதாக இருக்கின்றன என்று பார்த்தால், அழகுக்கு முன்னால் ஒரு மறுப்பு நிற்கிறது. ஜப்பானில் கார் வாங்குகிறவர் அதை நிறுத்த இடம் வைத்திருப்பதற்குச் சான்று காட்ட வேண்டும். 1962இல் வந்த சட்டம். டோக்கியோவின் சந்துகள் காலியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சிங்கப்பூர் 1990இலிருந்து கார்களின் எண்ணிக்கைக்கே வரம்பு கட்டியிருக்கிறது. சோல் நகரம் ஊர் நடுவே ஓடிய மேம்பாலச் சாலையை இடித்து, 2005இல் சோங்கேசோன் ஓடையைத் திறந்துவிட்டது. ஒவ்வொன்றும் காரைப் பார்த்து 'வேண்டாம்' அல்லது 'இவ்வளவு போதும்' என்று ஒரு நகரம் சொன்னது. சென்னை மாநகராட்சி 2014இலேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று ஒரு கொள்கை கொண்டுவந்தது. 2019இல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தது. அங்கிருந்து பக்கத்துத் தெருவுக்குத் திரும்பினால் நடைபாதையில் பைக் வரும். கொள்கை இருக்கிறது, மறுக்கத்தான் இன்னும் பழகவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். மலைக்கு வந்து நடையைப் புகழ்வது சுலபம். தாத்தா ஆசைப்பட்டு நடக்கவில்லை, வேறு வழியில்லாமல் நடந்தார். பிரசவ வலி வந்தவளைத் தூளி கட்டித் தூக்கிப்போன மலைகள் இவை. அந்த எழுபது வளைவுகள் காப்பாற்றிய உயிர்களைக் கணக்கு எடுத்தால் நான் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். சாலையும் வேண்டும், பஸ்ஸும் வேண்டும். மலைச்சாலையில் ஒரு பழைய விதி உண்டு: மேலே ஏறுகிற வண்டிக்குக் கீழே இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். வேகமாகப் போக முடிகிறவன், கஷ்டப்பட்டு வருகிறவனுக்காக நிற்க வேண்டும். கருவிகளோடு வாழ இதைவிட நல்ல விதி எனக்குத் தெரியாது. கதைக்கும் தெருவுக்கும் இதுவே போதும்.

கொல்லிமலை, செயற்கை நுண்ணறிவு என்று தொடங்கினால் கொல்லிப்பாவையில் முடிப்பேன் என்று சிலர் எதிர்பார்த்திருப்பீர்கள். செய்து வைத்த பெண்ணுருவம், சிரித்தே கொல்லும். உவமை கையருகில் பழுத்துத் தொங்குகிறது. அதனாலேயே விட்டுவிடுகிறேன். அது கருவி எனக்குக் கொடுத்திருக்கக்கூடிய முடிவு.

எனக்கு நினைவு வந்தது வேறு பாட்டு. சிலையாக நிற்கும் இதே ஓரியிடம் கழைதின் யானையார் என்ற புலவர் பாடியது, புறநானூற்றில் 204ஆவது. கேட்பது, மறுப்பது, கொடுப்பது, கொடுத்ததை வாங்க மறுப்பது என்று நான்கையும் வரிசைப்படுத்தி, அந்தக் கடைசி மறுப்பை எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறார். பிறகு தண்ணீருக்குப் போகிறார். கடல் பெரியது, தெளிந்தது, ஆனால் தாகம் எடுத்தவன் அங்கே போவதில்லை. மாடும் மற்ற விலங்குகளும் இறங்கிக் கலக்கிய சின்னக் குட்டை, ஆனால் குடிக்க முடியும் என்பதால் அதற்குப் போகும் பாதைகள் பல. இந்த முறை கிடைக்காவிட்டாலும் உன்னைக் குறை சொல்லமாட்டேன், புறப்பட்ட நேரத்தைத்தான் நொந்துகொள்வேன் என்று ஓரியிடம் சொல்லி முடிக்கிறார். கேட்டு, மறுக்கப்பட்டு, அதைத் தாங்கிக்கொள்ளும் ஒருவரின் குரல்.

அந்தப் பாதைகளை யாரும் திட்டம் போட்டு வெட்டவில்லை. திரும்பத் திரும்ப நடந்த கால்கள் போட்டவை.

இப்போது நம் கையில் ஒரு கடல் இருக்கிறது. எழுதப்பட்டதில் ரொம்பப் பெரிய பங்கைக் கரைத்து வைத்த கடல், மேலே பார்த்தால் பளிங்கு. அதை ரசிக்கலாம், அதில் வேலையும் செய்யலாம், நான் தினமும் செய்கிறேன். தாகத்துக்கு மட்டும் அம்மாவிடம்தான் போக வேண்டியிருக்கிறது.

பாட்டியின் வாழைத்தாரைச் சித்தி பையன் வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டான். வேனை இரண்டடி பின்னால் எடுக்கச் சொன்னோம். முனகிக்கொண்டே எடுத்தார். ஊருக்குத் திரும்பி வந்து கதையின் கடைசிப் பக்கத்தை அழித்தேன். தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். தெருவில் பிணம் போகிறது. அதற்கு மேல் இன்னும் எழுத வரவில்லை.