திரையில் நெல்லைப் பேச்சு

எழுதிச் செதுக்கிய வசனம், ஊரில் பேசுகிறபடியே அமைந்த பேச்சு என்று திரைப்பட உரையாடலை இரண்டாகப் பிரிப்பது வழக்கம். திருநெல்வேலிச் சீமை இரண்டுக்கும் களமாக இருந்திருக்கிறது.

முதல் வகைக்கு 1959இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ போதுமான சான்று. பி. ஆர். பந்துலு இயக்கினார், வசனம் சக்தி டி. கே. கிருஷ்ணசாமி. கதை நடக்கும் பாஞ்சாலங்குறிச்சி ஒட்டப்பிடாரத்தை அடுத்த கரிசல் பூமி. படத்திலோ அந்த மண்ணின் பேச்சு இல்லை. வரி கேட்கும் ஆங்கிலேய அதிகாரி ஜாக்சனிடம் சிவாஜி கணேசன் பேசும் அடுக்குமொழியை வரலாற்றில் எவரும் பேசியிருக்க முடியாது. கட்டபொம்மன் தெலுங்கு வழிவந்த பாளையக்காரர். ஆனாலும் அந்தக் காட்சி வென்றது. எந்த ஊருக்கும் சொந்தமில்லாத தமிழ் என்பதாலேயே அது எல்லா ஊருக்கும் சொந்தமானது. பள்ளி ஆண்டு விழாக்களில் பிள்ளைகள் அதை மனப்பாடமாகச் சொன்னார்கள். 1952இல் மு. கருணாநிதி ‘பராசக்தி’க்கு எழுதிய நீதிமன்ற உரையும் இப்படியே பரவியது. காதில் தங்கும் ஓசை, கூட்டத்தையே பேசவைக்கும் ஆற்றல் ஆகியவை இந்த மரபின் பெரும் பேறு. எல்லாப் பாத்திரங்களும் ஒரே வாயால் பேசுவது அதன் குறை. யார் மூத்தவர், யாருக்கு யார் என்ன உறவு என்பதெல்லாம் அந்த ஓசையில் கரைந்துவிடுகின்றன.

நெல்லைப் பேச்சைச் சிறுகதைக்குள் கொண்டுவந்த புதுமைப்பித்தன் தம் கடைசிக் காலத்தில் ‘ராஜமுக்தி’ (1948) போன்ற படங்களுக்கு எழுதப் போனார். ராஜா ராணிக் கதைகளில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. தமிழ்த் திரைக்கு அது பேரிழப்பு. ‘16 வயதினிலே’ (1977), மகேந்திரனின் ‘முள்ளும் மலரும்’ (1978) ஆகியவற்றுக்குப் பிறகே குறைந்த சொற்களும் அன்றாடப் பேச்சும் மதிப்புப் பெற்றன. 1978இல் ‘அவள் அப்படித்தான்’ படத்துக்கு வசனம் எழுதியவர்களில் வண்ணநிலவனும் ஒருவர். அவர் திருநெல்வேலிக்காரர்; படமோ பட்டணத்துக் கதை.

வட்டாரப் பேச்சு திரைக்கு வந்த பிறகும் நெல்லைத் தமிழ் என்று பெரும்பாலும் வந்தது ‘ஏலே’ ஒன்றுதான். பொதுத்தமிழ் வாக்கியத்தின் வாலில் ‘லே’ ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று பல படங்கள் நினைத்தன. தாமிரபரணிக் கரைப் பேச்சின் உயிர் அதன் இலக்கணத்தில் இருக்கிறது. ‘சொல்லுதேன்’, ‘வந்திருக்காவ’ என்னும் வினைமுடிவுகள். பெண்ணை விளிக்கும் ‘ஏட்டி’, ‘ஏளா’. உரிமையும் மரியாதையும் கலந்த ‘வே’. ‘நீ’க்கும் ‘நீங்க’வுக்கும் நடுவே ‘நீரு’ என்று ஒரு படி அங்கே இன்னும் புழங்குகிறது. ‘என்னவே, எப்ப வந்தீரு?’ என்று கேட்பவருக்கும் கேட்கப்படுபவருக்கும் இடையிலான உறவை வேறு விளக்கமின்றி அந்தக் கேள்வியே சொல்லிவிடும்.

இந்த நுட்பத்தைக் கதையாகவே மாற்றியவர் மாரி செல்வராஜ். நண்பர்களுக்குள் ‘லே’ அன்பு. முதியவர் ஒருவரைச் சாதித் திமிரில் அப்படி அழைத்தால் அது அடி. ‘பரியேறும் பெருமாள்’ (2018), ‘கர்ணன்’ (2021), ‘வாழை’ (2024) ஆகிய மூன்றிலும் யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது. ‘கர்ணன்’ படத்தில் ஊர்ப் பெரியவர்களின் பெயர்களே காவல் அதிகாரிக்குச் சினமூட்டுகின்றன. ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் நாயகன் பரியனின் தந்தையாகத் தெருக்கூத்துக் கலைஞர் தங்கராசு நடித்தது வசனத்தால் மட்டும் எட்ட முடியாத உண்மையைத் தந்தது. அதே படத்தின் இறுதியில், தோழியின் தந்தையிடம் பரியன் பேசுவது இயல்புப் பேச்சே அன்று. சொல் சொல்லாக எடைபோட்டு எழுதிய வசனம். சாதாரணச் சொற்களால் ஆனதால் அது உறுத்துவதில்லை. யதார்த்தப் படத்துக்கும் செதுக்கல் தேவை என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

இயல்புப் பேச்சிலும் குறைகள் உண்டு. வேற்றூரார்க்குச் சில சொற்கள் பிடிபடாது. வசைச்சொல்லைக் கூட்டினால் யதார்த்தம் வந்துவிடும் என்ற எண்ணம் பல படங்களைக் கெடுத்திருக்கிறது. நெல்லைத் தமிழும் ஒன்றல்ல. பாளையங்கோட்டை, மேலப்பாளையம், ஆற்றோர வயற்காட்டு ஊர் என இடத்துக்கும் சமூகத்துக்கும் ஏற்ப அது மாறும். ஒன்றை மட்டும் எடுத்து எல்லார் வாயிலும் வைத்தால் பழைய அடுக்குமொழியின் குறையே வேறு உருவில் திரும்புகிறது. பிறமொழி நடிகையருக்குச் சென்னை ஒலிப்பதிவுக் கூடத்தில் குரல் கொடுக்கும்போது வட்டாரத் தொனி முதலில் தேய்கிறது. தொலைக்காட்சித் தொடரின் நிலை வேறு. சமையற்கட்டிலிருந்து காதால் மட்டும் கேட்பவருக்கும் கதை புரிய வேண்டும். அதனால் சொன்னதையே விளக்கிச் சொல்லும் பொதுத்தமிழே அங்கே நிலைத்தது. அந்தத் தேவை நியாயமானது. ஆனால் உறவுமுறைச் சொற்களைக்கூட எல்லா ஊருக்கும் ஒன்றாக்கியதற்கு அது காரணமாகாது. அண்ணியை ‘மைனி’ என்றாலும் பார்ப்பவருக்கு விளங்கும்.

அடுக்குமொழியா, பேச்சுமொழியா என்பதைவிட, பேசுபவர் யார், யாரிடம் பேசுகிறார் என்பதே வசனத்துக்கு அளவுகோல். அந்த அளவில், வரி கேட்பவரை எதிர்த்துப் பேசும் கட்டபொம்மனின் மேடைத்தமிழ் தேறுகிறது. ‘லே’ ஒட்டிய பொதுத்தமிழ் தேறவில்லை. நெல்லையைப் படமாக்க வருகிறவர்கள் ‘லே’யை விட்டுவிட்டு, யார் யாரை ‘நீரு’ என்கிறார்கள் என்பதை முதலில் கேட்டறிய வேண்டும்.