பாரம் குறைந்தால் வேகம் குறை

சென்னையிலிருந்து திருச்சிக்கு வரைபடத்தில் அளவுகோல் வைத்துக் கோடு இழுத்தால் அது பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே புகுந்து போகும். மொத்தம் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். இண்டிகோவின் ஏடிஆர் 72 விசிறி விமானம் இந்தத் தடத்தில் வரும்போது, இவ்விரு ஊர்களையும் நெருங்கும் வேளையில் திருச்சிக்காக உயரம் குறைத்துக்கொண்டிருக்கும். சித்திரை வெயிலில், மதியம் இரண்டு மணிக்கு, அந்த இறக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தவருக்கு இந்த மண்ணின் குணம் முதுகுத்தண்டு வழியாகத் தெரியவரும்.

கீழே இருப்பதைப் பாருங்கள். பெரம்பலூர்ப் பக்கம் பருத்தியும் மக்காச்சோளமும் எடுத்தபின் வெறித்துக் கிடக்கும் கரிசல். அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைகளுக்காக வெட்டிய சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், வெளிறிய பெருங்குழிகள். தென்கிழக்கே கரைவெட்டி ஏரியின் நீர்ப்பரப்பு. தெற்கே கொள்ளிடத்து மணல், மேற்கே பச்சைமலை. காய்கிற வெயில் ஒன்றுதான். ஆனால் கரிசல் அதைக் குடித்துவிடும், வெளிறிய பாறை பாதியைத் திருப்பி அனுப்பும், ஏரி அசைந்து கொடுக்காது. சூடேறிய இடத்துக் காற்று தூணாக மேலெழ, அதை ஈடுகட்ட இடைவெளிகளில் குளிர்ந்த காற்று இறங்கும். பருந்து இறக்கை அடிக்காமல் வட்டமிட்டே ஏறுகிற இடமெல்லாம் அத்தகைய தூண்தான். பருந்து தூணுக்குள்ளேயே சுற்றும். விமானமோ நேர்கோட்டில் போகிறது. ஒரு தூணில் ஏறி, அடுத்த கணம் பள்ளத்தில் இறங்கி, மறுபடி ஏறி. குலுக்கல் என்பது அவ்வளவே.

அதே காற்றில் சிறிய விமானம் ஏன் கூடுதலாகக் குதிக்கிறது? எடை குறைவு என்று சட்டென்று சொல்லிவிடுவோம். அது பாதி விடை. ஒரு சதுர மீட்டர் இறக்கை எத்தனை கிலோவைச் சுமக்கிறது என்பதே சரியான கணக்கு. பயிற்சிப் பள்ளிகளில் ஓடும் செஸ்னா 172-இன் பிந்தைய வகை, முழுப் பாரத்தில் 1,157 கிலோ; இறக்கைப் பரப்பு 16 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். சதுர மீட்டருக்கு எழுபது கிலோ சொச்சம். ஏடிஆர் 72-க்கு அது 375 அளவில். ஏர்பஸ் ஏ320-க்கு 600-ஐத் தாண்டும். போயிங் 777-இன் பெரிய வகைக்கு 800-ஐ ஒட்டிவரும். மேலெழும் காற்று ஒவ்வொரு சதுர மீட்டரையும் தூக்கப் பார்க்கும். அங்கே எழுபது கிலோ இருந்தால் எளிதாகத் தூக்கும், அறுநூறு இருந்தால் திணறும். அரியலூர் சாலைகளில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் போனவர்களுக்கு இது புதிதல்ல. பாரம் ஏற்றிய டிப்பர் குழியில் அமுங்கி எழும். காலி டிப்பர் அதே குழியில் எகிறிக் குதிக்கும்.

இன்னொரு பாதி, வேகம். காற்றுவீச்சு தரும் உலுக்கல், விமானம் போகிற வேகத்தோடு சேர்ந்து வளரும். செஸ்னா நூறு நாட் (மணிக்கு நூறு கடல்மைல்) வேகத்திலும் ஏ320 இருநூற்றைம்பது நாட்டிலும் ஒரே வீச்சைச் சந்தித்தால், செஸ்னாவின் உலுக்கல் சில மடங்கு கூடுதலாக வரும். ஏ320-இன் வேகத்திலேயே அந்தச் சின்ன உடம்பும் பறந்திருந்தால் அது இன்னும் பெருகும். மெதுவாகப் போவதுதான் அதைக் காப்பாற்றுகிறது.

ஏடிஆர் அதிகம் குலுங்குகிறது என்று நம் பயணிகளுக்கு உள்ள மனக்குறையையும் இங்கே கொஞ்சம் தீர்த்துவிடலாம். சுமையையும் வேகத்தையும் சேர்த்துப் பார்த்தால், நிதானமாகப் பறக்கும் ஏடிஆரின் உலுக்கல் இறங்கிவரும் ஏ320-இன் உலுக்கலுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. ஆனால் ஜெட் முப்பதாயிரம் அடிக்கு மேலே போய்விடுகிறது. ஏடிஆரின் உச்சவரம்பே 25,000 அடி. சென்னை–திருச்சி மாதிரி ஒரு மணி நேரத் தடத்தில் அவ்வளவுகூட ஏறுவதில்லை. வெயில்காலக் கார்மேகங்கள் தலைதூக்கும் அடுக்கிலேயே அதன் பயணம் முழுதும் நடக்கிறது. குற்றம் விமானத்தைவிட அது நடக்கும் தெருவின் மேல்தான் அதிகம்.

எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் செஸ்னாவின் கையேட்டில் இருக்கிறது. கொந்தளிப்பில் தாண்டக் கூடாத வேகம், 1,157 கிலோவில் 105 நாட். ஆள் குறைந்து, எரிபொருள் தீர்ந்து, எடை 862 கிலோவாகும்போது 90 நாட். இலேசானால் இன்னும் மெதுவாகப் போ என்கிறது கையேடு. முதலில் படிப்பவருக்குத் தலைகீழாகத் தோன்றும். காரணம் அழகானது. அந்த வேகத்துக்குள் பறந்தால், பலமான வீச்சு ஒன்று அடிக்கும்போது சட்டம் முறிவதற்கு முன்பே இறக்கை தன் ஏற்றுவிசையைக் கைவிட்டுவிடும். பிடிவாதம் பிடிக்காமல் ஒரு கணம் விட்டுக்கொடுத்து, உடனே மீண்டும் பற்றிக்கொள்ளும். எடை குறையக் குறைய, அப்படி விட்டுக்கொடுக்கும் எல்லை வேகமும் குறையும். இன்னொரு வியப்பு: விதிப்படி இந்தச் சிறிய விமானம் தன் எடையைப்போல் 3.8 மடங்கு விசையைத் தாங்க வேண்டும். பெரிய பயணிகள் விமானத்துக்கு 2.5 மடங்கு போதும். குதிப்பது எதுவோ அதன் எலும்பு கெட்டியாக இருக்க வேண்டும் என்று விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஓட்டுபவரின் கையும் இங்கே பழக வேண்டும். நூறடி ஏறினால் இறக்குவதும், இறங்கினால் இழுப்பதும் புதியவர் செய்வது. கைதேர்ந்தவர் மூக்கின் நிலையையும் இறக்கைகளின் சமனையும் மட்டும் பார்த்துக்கொண்டு, உயரத்தைக் கொஞ்சம் அதன் போக்கில் விடுவார்.

பெரிய விமானங்களிடம் வேறு வகை நயம். போயிங் 787-இன் இறக்கை வளையவே பிறந்தது. 2010-இல் தரைச் சோதனையில் அதை ஏறக்குறைய 25 அடி மேலே வளைத்துப் பார்த்தார்கள். வீச்சு வருவதை உணரிகள் பிடித்ததும், ஓட்டுபவர் கேட்காமலே கணினி இறக்கையின் தகடுகளை அசைத்து உலுக்கலைத் தணிக்கும். பயணி காப்பியைச் சிந்தாமல் குடிக்கிறார்.

செஸ்னாவில் அந்த வேலைக்குக் கணினி கிடையாது; இருப்பது ஓர் எச்சரிக்கை ஊதல் மட்டும். இடது இறக்கையின் முன்விளிம்பில் ஒரு சிறு துளை, அதிலிருந்து ஒரு குழாய், முனையில் காற்றில் துடிக்கும் ஒரு ரீடு. மின்சாரமே வேண்டாம். இறக்கை தன் பிடியை இழக்கும் எல்லையை நெருங்கினால், துளையில் உண்டாகும் உறிஞ்சலே ரீடை ஊதவைக்கும். தரையிறங்க வேகம் குறைத்து வரும்போது, சூடான வயல் ஒன்றின் மேல் காற்று கீழிருந்து எற்றினால் அது அரைக் கணம் கீச்சிட்டு அடங்கும்.