உன்னிச்சைக் கமக்காரர் அமைப்பும் ஐரோப்பிய நெறியும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல்களுக்கு நீர்தரும் பெருங்குளங்களுள் உன்னிச்சைக் குளமும் ஒன்று. போகந்தோறும் கூடும் ஆரம்பக் கூட்டத்திலேயே நீர் திறக்கும் நாளும் விதைப்புக் காலமும் பயிரிடும் பரப்பும் முடிவாகின்றன. அக்கூட்டத்தில் வயற்காரரின் குரலாக அமைவது கமக்காரர் அமைப்பு. அவ்வமைப்பு எவர்க்குரியது என்பதே ஈண்டு எழும் வினா.

1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் வெல்விதானைப் பதவியை நீக்கி, தெரிவுசெய்யப்பட்ட பயிர்ச்செய்கைக் குழுக்களைக் கொணர்ந்தது. 1970களின் முற்பகுதியில் வந்த சட்டங்கள் தெரிவை அகற்றி நியமனத்தைப் புகுத்தின. 1979ஆம் ஆண்டின் கமநல சேவைகள் சட்டத்தோடு அக்குழுக்களே மறைந்தன. 1991ஆம் ஆண்டின் திருத்தம் கமக்காரர் அமைப்பினை ஏற்றது. 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் அவ்வேற்பினைத் தொடர்ந்தது. இதனைப் படிமுறை வளர்ச்சி எனக் கொள்வாருளர். அக்கூற்று முழுவதும் ஏற்கத்தக்கதன்று. சட்டத்தால் பிறந்தது சட்டத்தாலேயே மறைந்தமையையும் இவ்வரலாறு காட்டுகின்றது.

ஐரோப்பியப் பேரவையின் அமைச்சர் குழு 2007இல் அரசு சாராத அமைப்புகளின் சட்டநிலை பற்றி வழங்கிய பரிந்துரை வேறொரு தொடக்கத்தைக் கொண்டது. அதன்படி, அமைப்பு என்பது தம் விருப்பாற் கூடினோரின் தன்னாட்சி மன்றம்; அதன் உள்ளமைப்பை மாற்ற அரசின் அனுமதி வேண்டுவதில்லை. பொதுப்பணம் பெறின், கணக்குக் காட்டும் கடமை அதற்குண்டு.

எனினும் அந்நெறியை அவ்வாறே உன்னிச்சைக்குப் பொருத்துதல் பிழையாகும். இலக்கியச் சங்கமொன்றில் உடன்படாதார் விலகிச் செல்லலாம். ஒரே வாய்க்காலை நம்பிய உழவர் விலகுமாறு யாங்ஙனம்? உறுப்பினரல்லாதாரின் வயலும் அந்நீராலேயே விளைகின்றது. மட்டக்களப்பு நகரின் குடிநீரும் அக்குளத்தினின்றே பெறப்படுகின்றது. அந்நகரத்தாரோ அமைப்பின் உறுப்பினரல்லர். ஆதலின் இத்தகைய அமைப்பின் பொறுப்பு உறுப்பினரோடு முடிவதன்று. நீரைச் சார்ந்தோர் அனைவர்க்கும் அது விடை கூறல்வேண்டும்.

வெல்விதானைப் பதவி சட்டத்தினின்று நீங்கியபின்னும் வட்டவிதானை என்னும் பெயர் மட்டக்களப்பு வயல்வெளியில் வழங்கிவருதல் நோக்கற்பாலது. கடைமடைக்கு நீர் எட்டாதவிடத்து, எவரிடம் சென்று கேட்பது என்பதை உழவர் அறிந்திருத்தலே அப்பெயரின் பயன். கமக்காரர் அமைப்புக்கும் அதுவே அளவுகோலாதல் வேண்டும். தன் நிருவாகிகளைத் தானே தெரிந்து நீக்கும் உரிமை அதற்கு உறுதியாதல் வேண்டும். நீர்ப்பங்கீட்டையும் வரவுசெலவையும் ஊரறிய வைத்தல் அதன் கடமையாதல் வேண்டும். உரிமையின்றிப் பொறுப்பை மட்டும் சுமத்தின், அமைப்பு அலுவலகத்தின் நிழலாகும். பொறுப்பின்றி உரிமையை மட்டும் வழங்கின், தலைமடைக்காரரின் கருவியாகும்.